அமாவாசைக் கடை

அந்தப் பெயரைத்தானே கேட்டீர்கள், தம்பி? அவளிடம் கேட்காதீர்கள். இரண்டு கல்லிலும் பணியாரம் வெந்துகொண்டிருக்கிறது, இப்போது போய் நின்றால் கரிந்துவிடும். நான் சொல்கிறேன். பெஞ்சில் இப்படித் தள்ளி உட்காருங்கள்.

வெளியூர் என்று கேள்வியிலேயே தெரிந்துவிட்டது. உள்ளூரில் யாரும் இதைக் கேட்பதில்லை. கக்கத்தில் காலண்டர் ஆல்பம் வேறு. ஐப்பசி பிறந்துவிட்டால் சிவகாசி முழுக்க இப்படித்தான், ஆல்பத்தை இடுக்கிக்கொண்டு நாலு ஊர்க் கடைக்காரர்கள் நடப்பார்கள். என்ன கடை உங்களுக்கு? ஹார்டுவேர்ஸா? பரமக்குடியா? நல்லது. அந்த ஆல்பம் எங்கள் அச்சகத்தினுடையது. அட்டையைப் பார்த்தாலே தெரியும். இருபத்திரண்டு வருஷமாக அங்கேதான் மெய்ப்புப் பார்க்கிறேன். அச்சுக்குப் போகும் முன்னால் தப்பு இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. என் பெயர் சௌந்தரநாயகி. பெயர் சொல்லிக் கூப்பிட யாரும் இல்லை, எல்லோருக்கும் டீச்சர். மதுரையில் எம்.ஏ. தமிழ் படித்தேன், இரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தேன், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர்.

அடுப்படியில் நிற்கிறாளே, அவள் செண்பகவல்லி. எனக்கு எதிர் நாற்காலியில் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தவள். அவள் வேலை போனதில் பிறந்ததுதான் இந்தக் கடை. ஒரு விதத்தில் பார்த்தால் நல்லதுதான் நடந்திருக்கிறது. ஒரு விதத்தில்.

எங்கள் வேலை எப்படி என்று சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். காலையில் எழுந்து தினசரிக் காலண்டரில் ஒரு தாள் கிழிக்கிறீர்கள் இல்லையா, அந்தத் தாளில் தேதி, கிழமை, நட்சத்திரம், திதி, ராகுகாலம், எமகண்டம் எல்லாம் இருக்கும். முந்நூற்று அறுபத்தைந்து தாள். ஜோசியர் கணித்துக் கையால் எழுதிக் கொடுப்பார். அதுதான் பிரதி. கம்ப்யூட்டரில் கோக்கிற பையன் அதைப் பார்த்து அடித்துத் தாள் எடுத்துத் தருவான். பிறகு நாங்கள் இரண்டு பேர் உட்காருவோம். ஒருவர் பிரதியை வாய்விட்டு வாசிக்க வேண்டும். இன்னொருவர் அடித்த தாளைப் பார்த்து, காதில் விழுவதும் கண்ணில் படுவதும் ஒன்றாக இருந்தால் சிவப்புப் பேனாவால் டிக் போட வேண்டும். கடைசியில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து, டிக் போடுகிறவருக்கு மட்டும்தான். வாசிக்கிறவருக்குக் கிடையாது. காற்றில் போகிற குரலுக்கு எங்கே கையெழுத்துப் போடுவது?

வாசிப்பது நான். டிக் போடுவது அவள்.

நான் வாசித்தால் நன்றாக இருக்கும், தம்பி. பெருமைக்குச் சொல்லவில்லை. பக்கத்து மேசையில் வாசிப்பது மீன் ஏலம் மாதிரி இருக்கும். நான் வாசிக்கும்போது பைண்டிங் பெண்களின் கைகூட என் குரலுக்கு ஏற்றபடி ஓடும். செண்பகவல்லியே சொல்லியிருக்கிறாள். "டீச்சர் வாசிச்சா எனக்குத் தூக்கம் வராது. ஆனா தூங்குற சொகம் மட்டும் வரும்" என்பாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் நாங்கள் வேகம் குறையாமல் போவோம்.

திதிகளை நீங்களே சொல்லிப் பாருங்கள். ஏகாதசி, துவாதசி, திரயோதசி, சதுர்த்தசி, அமாவாசை. படி இறங்குகிற மாதிரி இருக்கிறதா? ஒவ்வொரு படியாக வெளிச்சம் குறைந்துகொண்டே வரும். கடைசிப் படியில் கால் வைக்கும்போது இருட்டு. எத்தனை வருஷம் வாசித்தாலும் அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஆனால் நிலாவுக்கு ஓசை நயம் தெரியாது. சில மாதம் ஒரு திதி இரண்டு நாளைக்கு நிற்கும். இந்த வருஷத்துக் காலண்டரில், தை மாதம், திரயோதசி இரண்டு நாள் நின்றது. ஜோசியர் சரியாகத்தான் எழுதியிருந்தார். தை பதினைந்தும் திரயோதசி, பதினாறும் திரயோதசி. பதினேழு சதுர்த்தசி. பதினெட்டு அமாவாசை. கோத்த பையன் ஒன்றைப் பார்க்காமல் விட்டுவிட்டான். அவன் அடித்ததில் பதினாறிலேயே சதுர்த்தசி வந்துவிட்டது. பதினேழில் அமாவாசை, கறுப்பு வட்டத்தோடு. அதைப் பிடிக்கத்தானே நாங்கள் இருக்கிறோம்.

நாங்கள் பிடிக்கவில்லை.

இப்படித்தான் சொல்லிக்கொண்டு வருகிறேன், ஒன்பது மாதமாக. நாங்கள் பிடிக்கவில்லை.

தை அமாவாசை என்றால் உங்களுக்குத் தெரியாதா? உங்கள் பரமக்குடி வழியாகத்தானே ராமேஸ்வரத்துக்குக் கூட்டம் போகும். டவுனில் இருப்பவர்கள் டி.வி. பார்ப்பார்கள், ஐயரைக் கேட்பார்கள், தப்பித்துக்கொண்டார்கள். சுவரில் தொங்குவதை மட்டும் நம்புகிற வீடுகள் இருக்கின்றன பாருங்கள், அவர்கள் ஒரு நாள் முன்னாலேயே கும்பிட்டுவிட்டார்கள். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து சாயல்குடிப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். காலண்டரைச் சுருட்டிப் பேப்பரில் பொதிந்து கொண்டுவந்திருந்தார். முதலாளி தங்கப்பழம் அண்ணாச்சி மேசையில் அதை வைத்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"எங்கப்பா செத்து மொத வருசம்ங்க. உங்க தாளப் பாத்துத்தான் செஞ்சேன். மறுநாளு, அதான் விரதம் முடிஞ்சிருச்சேன்னு, வீட்ல மீன் வறுத்தோம். சாப்பிட்டு எந்திரிச்சப்புறம் பக்கத்து வீட்டுக்காரன் சொல்றான், இன்னைக்குத்தான்டா அமாவாசைன்னு."

அவ்வளவுதான் சொன்னார். அண்ணாச்சி சோடா வரவழைத்துக் கொடுத்தார், அவர் குடிக்கவில்லை. காலண்டரை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து போனார். நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்தேன். எல்லாம் கேட்டது.

அதற்கு முன்னாலேயே போன்கள் வந்துகொண்டுதான் இருந்தன. பெரிய ஜவுளிக்கடை ஒன்று இனிமேல் உங்களிடம் அடிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டது. அண்ணாச்சி அதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். அந்த மனிதர் போன பிறகுதான் எங்கள் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார்.

அடித்த தாள் அவர் முன்னால் இருந்தது. கீழே சிவப்பில் செண்பகவல்லி கையெழுத்து.

"இது உன் கையெழுத்துதானம்மா?"

"ஆமா அண்ணாச்சி. டீச்சர் வாசிச்சதைக் கேட்டுத்தான் நான் டிக் போட்டேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். மரியாதையாகத்தான் கேட்டார். "டீச்சர், நீங்க என்ன வாசிச்சீங்க?"

செண்பகவல்லி என்னைப் பார்த்தாள். பயமெல்லாம் இல்லை அவள் முகத்தில். டீச்சர் இருக்கிறார்கள், டீச்சர் சொல்லிவிடுவார்கள் என்கிற மாதிரி நின்றாள்.

நான் சொன்னேன், "பிரதியில் இருந்ததைத்தான்."

அது பொய்யா, தம்பி? இருபத்திரண்டு வருஷமாகப் பிரதியில் இருப்பதைத்தான் வாசிக்கிறேன். அதைத்தான் சொன்னேன். பொதுவாகச் சொன்னேன். அவர் பொதுவாகக் கேட்கவில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அண்ணாச்சி அவளைப் பார்த்து, "நாளையிலருந்து வர வேண்டாம்" என்றார். அவள் மறுபடியும் என்னைப் பார்த்தாள். நான் மேசைமேல் இருந்த சோடா பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோலிக்குண்டு கழுத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. வெளியே வந்து தூக்குவாளியையும் குடையையும் எடுத்துக்கொண்டாள். சிவப்புப் பேனாவை என் மேசையில் வைத்தாள். "வர்றேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நல்ல வளர்ப்பு.

என் நிலைமையையும் நீங்கள் பார்க்க வேண்டும். அப்போது எனக்கு ஐம்பத்தெட்டு. கல்யாணம் அமையவில்லை. தம்பி வீட்டில் இருக்கிறேன். அந்த வீட்டு முன்னறையில் எனக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள், தம்பி பெண்டாட்டிகூட அதில் துணி மடித்துப் போட மாட்டாள். வேலைக்குப் போகிற நாத்தனார் என்பதால் அந்த நாற்காலி. வேலை இல்லாத நாத்தனாருக்கு அடுப்படியில் பலகை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் எனக்குத் தெரியும். செண்பகவல்லிக்கு முப்பத்தெட்டுதான். புருஷன் மினி லாரி ஓட்டுகிறார். சின்ன வயசு, எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். எழுந்தாளா இல்லையா, நீங்களே பாருங்கள். கடையில் உட்கார இடம் இருக்கிறதா?

ஆனால் உடனே எழவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

இந்த ஊரில் நாலு அச்சகத்தில் வேலை கேட்டாள். எங்கள் ஊரில் ஒரு அச்சகத்து விஷயம் இன்னொரு அச்சகத்துக்கு டீ ஆறுவதற்குள் போய்விடும். ஒரு இடத்தில் மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னானாம், "யம்மா, எங்களுக்கு அமாவாசை அன்னைக்கே அமாவாசை வந்தாப் போதும்" என்று. தண்ணீர்க் குழாயடியில் இன்னும் மோசம். "செண்பகம், உன் கொடம் ஒரு நாள் முன்னாலயே நெறைஞ்சிருமே, எங்களுக்கு வழிவிடேன்" என்பார்களாம். அவள் மகள் நாகஜோதி பிளஸ் டூ. பள்ளிக்கூடத்தில் அவள் வகுப்புக்குள் நுழைந்தால், "ஏ, பரீட்சை நாளைக்கா நாளன்னைக்கா, அவங்கம்மாட்டக் கேட்டுச் சொல்லு" என்று பையன்கள் கத்துவார்களாம். ஊரே அவளுக்குப் பெயர் வைத்துவிட்டது. அமாவாசை. அமாவாசை வருது பார். அமாவாசை வீடு எது. இப்படி.

எட்டாவது நாள் நான் அவள் வீட்டுக்குப் போனேன். ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போனேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற மாதிரி இருக்கிறதே என்று வாசலில் நிற்கும்போதுதான் தோன்றியது. நாகஜோதி கதவைத் திறந்தாள்.

"அம்மா தூங்குறாங்க" என்றாள்.

காலை பத்து மணி. உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சரி, நன்றாகத் தூங்கட்டும் என்று பையைக் கொடுத்துவிட்டு வந்தேன். மறு வாரமும் போனேன். அப்போதும் தூங்கிக்கொண்டிருந்தாள். பாவம், அவ்வளவு களைப்பு.

நான் சும்மா இருக்கவில்லை, தம்பி. எனக்குத் தெரிந்த ஹாஸ்டலில் வார்டன் வேலைக்குச் சொல்லி வைத்தேன். பங்குனியில் ஒரு புடவை எடுத்துக் கொடுத்தேன், அரக்கும் பச்சையும். கட்டி நான் பார்த்ததில்லை, விசேஷத்துக்கு என்று எடுத்து வைத்திருப்பாள். எனக்கும் தூக்கமில்லை. சுகர் ஏறிவிட்டது. ஒரு வகையில் அவளைவிட நான்தான் அதிகம் பட்டேன் என்று சொல்ல வேண்டும். அவளுக்கு வேலை ஒரு நாளில் போய்விட்டது. நான் தினமும் அதே மேசையில், எதிரே அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது.

மாசி முடிகிற நேரம் அவள் வெளியே வந்தாள். அவளுடைய அம்மா வீட்டுப் பணியாரக் கல் ஒன்று, ஒரு அடுப்பு, ஒரு ஸ்டூல். அச்சகத் தெரு முனையில், எங்கள் பெண்கள் ஷிப்ட் விட்டு வருகிற வழியிலேயே போட்டாள். வேறு தெருவா இல்லை என்று நான் நினைத்தேன். இல்லை, இங்கேதான் போட்டாள். முதல் நாள் எங்கள் பெண்களுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. பாதிப் பேர் செல்போனைப் பார்த்தபடி நடந்துபோனார்கள். நான்தான் நேராகப் போனேன். முதல் ஈடு, இரண்டாம் ஈடு, எல்லாவற்றையும் நானே வாங்கினேன்.

"எல்லாத்தையும் நீங்களே வாங்கிட்டா மத்தவங்களுக்கு நான் என்னத்தக் குடுக்க, டீச்சர்?" என்று கேட்டாள்.

எவ்வளவு நன்றி பாருங்கள் அவளுக்கு. மறுநாளும் வாங்கினேன். அப்புறம் தினமும். முப்பது பணியாரம். எனக்கு சுகர், ஒன்றுகூட வாயில் வைக்க முடியாது. தம்பி வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு மாதம் பேசாமல் தின்றார்கள். பிறகு தம்பி பெண்டாட்டி, "மதினி, நாங்க என்ன பணியாரம் திங்கவா பொறந்தோம்? காக்கா கூடத் திரும்பிப் பாக்க மாட்டேங்குது" என்றாள். அதற்குப் பிறகு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவேன்.

ஆரம்பத்தில் கடை நின்றது என்னால்தான். அப்படித்தான் நான் நினைக்கிறேன். அந்தப் பூண்டுச் சட்னிக்காகத்தான் கூட்டம் வந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீங்கள் சாப்பிட்டீர்களே, எப்படி இருக்கிறது? காரம் தூக்கலாக இல்லை? நான் குறைக்கச் சொன்னேன். கேட்கவில்லை. இன்னும் இரண்டு மிளகாய் கூட வைத்தாள். அப்புறம் பைண்டிங் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், லோடுமேன்கள் வந்தார்கள், பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள் வந்தார்கள். சித்திரையில் இந்த இடத்தைப் பிடித்தாள்.

போர்டு எழுதுகிறவர் வந்த அன்று நானும் இருந்தேன். மகள் பெயரைப் போடுவாள் என்று நினைத்தேன். நாகஜோதி பணியாரக் கடை, நன்றாகத்தானே இருக்கும்? பெயிண்டர் பிரஷ்ஷை நனைத்துக்கொண்டு, "என்ன பேருக்கா?" என்று கேட்டார். பெஞ்சில் இருந்த லோடுமேன் ஒருத்தன், "இதென்ன கேள்வி, அமாவாசைன்னு போடுங்கண்ணே, ஊருக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள்.

அவளும் சிரித்தாள். கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "அவன் சொன்னதையே போடுங்க. அமாவாசைக் கடை. எழுத்து நல்லாப் பெருசா இருக்கட்டும், தெருமுனையில இருந்தே தெரியணும்" என்றாள்.

சிரித்தவன் பாதியில் நிறுத்திவிட்டான்.

நான்தான் எழுந்து போனேன். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "வேண்டாம் செண்பகம், அபசகுனமாக இருக்கும். வேறு பெயர் எழுது" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான கூப்பிடுறாங்க டீச்சர். அட்ரஸ் சொல்ல வசதியா இருக்கும்."

"அது உன்னைக் கேலி பண்ணுகிற பெயர்."

"எம் பேரா அது?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் அதை அப்போது சரியாகக் கவனிக்கவில்லை. அல்லது கவனித்தேன். தெரியவில்லை. தெருமுனை திரும்பினால் அந்தப் போர்டுதான். காலையில் வேலைக்குப் போகும்போது ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை. கறுப்பு எழுத்து. கொஞ்ச நாள் பின் தெரு வழியாகச் சுற்றிப் போனேன். முழங்கால் வலி வந்துவிட்டது.

ஆடிப் பதினெட்டு எங்களுக்குப் புது ஆல்பம் வெளியிடும் நாள். சாமி கும்பிட்டு, அடுத்த வருஷத்து வேலையைத் தொடங்குவோம். அன்று அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். செண்பகவல்லி இடத்தில் ஒரு சின்னப் பெண்ணைப் போட்டிருந்தார், அது நான் வாசிப்பதற்கு முன்னாலேயே டிக் போட்டுக்கொண்டு போகும். "டீச்சர், அந்தச் செண்பகத்தையே வரச் சொல்லுங்க. போனது போகட்டும், நான் மறந்துட்டேன்னு சொல்லுங்க" என்றார்.

அன்று நான் ஓடிவந்தேன், தம்பி. இந்த முழங்காலோடு ஓடிவந்தேன். ஆறு மாதமாக என் நெஞ்சில் கிடந்தது இறங்கிவிடும் என்று நினைத்தேன். வேலையைத் திரும்ப வாங்கிக் கொடுத்துவிட்டால் எல்லாம் நேராகிவிடும் இல்லையா? அவள் இங்கேதான், இதே இடத்தில், கம்பியால் பணியாரத்தைக் குத்தித் திருப்பிக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். "செண்பகம், அண்ணாச்சி உன்னைக் கூப்பிடுகிறார். எல்லாவற்றையும் மறந்துவிட்டாராம்."

"நான் மறக்கலையே டீச்சர்."

ஒரு குழி திருப்பினாள். அடுத்த குழி திருப்பினாள். ஏழு குழியும் திருப்பி முடிக்கும்வரை நான் நின்றுகொண்டிருந்தேன்.

"எனக்கு வேலை வேண்டாம். கடை இருக்கு. ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. அன்னைக்கு அவர் உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டாருல்ல, என்ன வாசிச்சீங்கன்னு. அதுக்குப் பதில் சொல்லிட்டு வாங்க."

"அதுதான் அன்றைக்கே சொல்லிவிட்டேனே."

"அது பதில் இல்ல. எம் மகளைப் பொண்ணு பாக்க நாளைக்கு நாலு பேரு வருவாங்க. தப்புப் பண்ணி வேலை போனவ மகள்னு ஒருத்தரு சொல்லக்கூடாது. அதுக்குத்தான் கேக்கேன்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவளுக்குத் தெரியும் என்று. முதல் நாளிலிருந்தே தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? அவள் காதில்தானே விழுந்தது.

ஆமாம், தம்பி. நீங்கள் கேட்கிற மாதிரிதான். பிரதியில் இரண்டாவது திரயோதசி இருந்தது. என் கண் அதைப் பார்க்கவில்லை. ஓசை என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. பதினைந்து திரயோதசி, பதினாறு சதுர்த்தசி, பதினேழு அமாவாசை, பதினெட்டு பிரதமை. தாளைப் பார்க்காமல், தாலாட்டுப் பாடுகிற மாதிரி சொல்லிக்கொண்டே போயிருக்கிறேன். கோத்த பையன் அடித்திருந்ததும் அதேதான். காதில் விழுவதும் கண்ணில் படுவதும் ஒன்றாக இருந்தது. டிக் போட்டாள். பக்கம் திருப்பியதும் என் கண் விழித்துக்கொண்டது. பத்தொன்பதும் பிரதமை என்று வாசித்தேன். திதி இரண்டு நாள் நிற்பது வழக்கம்தானே, அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. ஒரு தப்பும் இல்லை.

முதல் போன் வந்த அன்று சாயந்திரமே பிரதியை எடுத்துப் பார்த்தேன். அந்தச் சாயல்குடிக்காரர் வருவதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டேன். பார்த்துவிட்டுத்தான் அண்ணாச்சி முன்னால் போய் நின்றேன். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆடியிலிருந்து இன்றுவரை மூன்று தடவை அண்ணாச்சி அறைக்குப் போனேன். முதல் தடவை ஆடிட்டர் இருந்தார். இரண்டாவது தடவை அவருக்குப் பல்வலி. மூன்றாவது தடவை ஆரம்பித்தேவிட்டேன். "அண்ணாச்சி, அந்தத் தை அமாவாசை விஷயம்..." என்றேன். அவர் கையை ஆட்டினார். "அத விடுங்க டீச்சர். கிழிச்சுப் போட்ட தாளு" என்றார். கேட்க விருப்பமில்லாதவரிடம் எப்படிச் சொல்வது? நான் சொல்லப் போனேன், அவர் கேட்கவில்லை. அதுவும் ஒரு கணக்கில் சொன்ன மாதிரிதானே? அப்படித்தான் எனக்குத் தோன்றியது. இவளிடம் வந்து, "சொல்லிவிட்டேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். முகத்தைப் பார்த்ததும் வரவில்லை.

இப்போதெல்லாம் என்னை டீச்சர் என்று கூப்பிடுவதில்லை. கவனித்தீர்களா, நான் வந்தபோது? "வாங்க" என்றாள். வெறும் வாங்க. உங்களுக்கும் அதே வாங்கதான். முப்பது பணியாரமும் இப்போது தருவதில்லை. "ஆளுக்கு ஒரு ஈடுதான்" என்று சொல்லிவிட்டாள். ஆனாலும் தினமும் வருகிறேன். வந்து இந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன். ஏன் வருகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

தம்பி, எனக்கு ஒன்று தோன்றுகிறது. நீங்கள் எப்படியும் ஆர்டர் கொடுக்க நாளைக்கு அண்ணாச்சியைப் பார்ப்பீர்கள். பேச்சோடு பேச்சாக நீங்கள் சொல்லிவிடுங்களேன். "பணியாரக் கடையில் கேள்விப்பட்டேன், அந்தப் பெண் மேல் தப்பில்லையாமே" என்று. நீங்கள் கஸ்டமர், உங்கள் பேச்சைக் கேட்பார். வாசித்ததில்தான் ஏதோ பிசகாம் என்று சொன்னால் போதும். வாசித்தது யார் என்று அவருக்கே தெரியும், நீங்கள் பெயர் சொல்ல வேண்டியதில்லை. இவளுக்கும் நல்ல பெயர் வந்துவிடும். எனக்கும் வேலையில் இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி, அதை மானமாக...

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

சாப்பிடுங்கள், ஆறுகிறது.

இல்லை, வேண்டாம். விடுங்கள். நான் கேட்டிருக்கக் கூடாது.

இதென்ன, எல்லோரும் ஏன் பேச்சை நிறுத்திவிட்டார்கள்? அந்த மூலையில் இருப்பவர்கள் எங்கள் பைண்டிங் பெண்கள். அந்த நீலச் சட்டை, கோத்த பையனுடைய மாமா. எவ்வளவு நேரமாக இருக்கிறார்கள்? நான் கவனிக்கவே இல்லை. நான் மெதுவாகத்தானே பேசினேன்?

கேட்டீர்களா, அவள் சொன்னதை? இந்தப் பக்கம் திரும்பாமலே சொல்கிறாள்.

"அடுப்புச் சத்தத்துல இங்க ஒண்ணும் கேக்கல. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

என்னைத்தான் சொல்கிறாள்.

இந்தப் பையைக் கொஞ்சம் பிடியுங்கள், தம்பி. உட்கார்ந்துகொண்டு வராது. கையைக் கொடுங்கள், எழுந்துகொள்கிறேன்.

செண்பகம். தை பதினேழு சதுர்த்தசி. பிரதியில் சதுர்த்தசி என்றுதான் இருந்தது. அமாவாசை என்று வாசித்தது நான். அண்ணாச்சி கேட்டபோது எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் பொய் சொன்னேன்.

கேட்கவில்லையாம். கம்பியை ஆட்டிக் காட்டுகிறாள் பாருங்கள், இன்னும் சத்தமாக என்று. அந்தப் பெண்களும் கழுத்தை நீட்டுகிறார்கள்.

அந்தத் தண்ணீரை இப்படிக் கொடுங்கள், தம்பி. மறுபடியும் சொல்கிறேன்.